வடக்குப் பக்கத்து மண்

"அத்தான், இன்னிக்கும் தெற்கேதான் போயிருக்கு. நம்மளை மதிக்கவே மாட்டேங்குது இந்தக் கோபுரம்."

கொட்டகை ஜன்னலோரம் தரையில் திருகி வைத்திருந்த, சாய்வு அளக்கும் கருவியிலிருந்து கண்ணை எடுத்தபடி மச்சினன் சொன்னான். பொறியாளரின் மேஜையிலிருந்து பென்சில் மறுபடி உருண்டு விழுந்தது. காலையிலிருந்து அதைத் தேடி எடுப்பதே அவருக்குப் பிழைப்பாகிவிட்டது.

தெற்கே சாய்ந்த பழைய மணிக்கோபுரம் அது. சாயாத வடக்குப் பக்கத்து அடிமண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினால், அந்தப் பக்கம் மெல்ல அமர்ந்து கோபுரம் தானாக நிமிரும் என்று அடித்துச் சொல்லித்தான் அவர் வேலையை வாங்கியிருந்தார். நிமிரவில்லையென்றால் இடித்துவிட உத்தரவு போட, இன்று நகராட்சி ஆணையரே வருகிறார். கோபுரத்தோடு பொறியாளரின் பெயரும் மண்ணாகிவிடும்.

துளைபோடும் காண்ட்ராக்ட் மச்சினனுடையது. வெயிலில் நடப்பதென்றால் அவனுக்கு வேப்பங்காய். அதனாலேயே ஆபீஸ் கொட்டகையை மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டு, அந்தச் சாமர்த்தியத்தைத் தன் அக்காவிடம் போனில் அளந்து தள்ளியிருந்தான்.

"மண்ணைப் பக்கம் மாத்தி எடுக்கிறியா மாப்ளே?"

"எனக்கா திசை தெரியாது? அக்காவை உங்களுக்குக் குடுத்தப்ப மட்டும்தான் எங்க வீட்ல திசை தப்பினோம்."

சிரிக்கிற நிலையில் அவர் இல்லை. எழுந்து கதவைச் சாத்தினார். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தது. தலை வேறு லேசாகச் சுற்றியது. பயம்தான் என்று தண்ணீர் குடித்தார்.

ஆணையர் வந்ததும் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பொறியாளர் அவகாசம் கேட்டார். மச்சினன் ஒரு மாதத்தில் ஆரம்பித்து ஒரு வாரம் வரை இறங்கி வந்து பேரம் பேசினான்.

"இதென்ன புடவைக் கடையா? கீழே ஜனங்க நடக்கிறாங்கய்யா," என்று ஆணையர் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

நாற்காலி அவரோடு பின்னால் நகர்ந்தது. காலை ஊன்றி மேஜையருகே வந்தார். பேனாவை வைக்கும்போது நாற்காலி மறுபடி நழுவி, வடக்குச் சுவரில் போய் முட்டி நின்றது.

"முதல்ல ஒழுங்கான நாற்காலி போடுங்க," என்று அவர் எரிந்து விழுந்தார்.

பொறியாளர் நாற்காலியைப் பார்க்கவில்லை. அதன் காலடியில் கிடந்த பென்சிலைப் பார்த்தார். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் அதை அந்தச் சுவரோரத்தில்தான் எடுத்திருந்தார்.

"சார், கொஞ்சம் பொறுங்க. மாப்ளே, இந்தக் கொட்டகையோட வடக்குக் கால் எந்த மண்ணு மேல நிக்குது?"

மச்சினன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"நாம உருவுற மண்ணு மேலதான், அத்தான்... கருவியும் இந்தத் தரையிலதானே திருகியிருக்கு. கோபுரம் நிமிர்ந்துக்கிட்டுதான் இருக்கு, சாயறது நம்ம ஆபீசு."