இடது பக்கம் ஜன்னல்

மாடியில் துணி எடுக்கப் போன வீட்டுக்காரம்மா, குடித்தனக்காரப் பையன் போனில் பேசுவதைக் கேட்டுக் கதவருகே நின்றாள்.

"இடது பக்கம் ஜன்னல். ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு. வேலைக்காரி மட்டும் தனியா நின்னு பால் ஊத்திட்டிருக்கா. தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கலை."

கதவைத் தள்ளினாள். "யார் வீட்டைடா நோட்டம் விடுறே?"

அவன் பதறிப்போய், மேசைமேல் விரித்திருந்த புகழ்பெற்ற டச்சு ஓவியத்தைக் காட்டினான்.

"வீடு இல்லம்மா, படம். லைன்ல எங்க அக்கா. நாளைக்கு அவ இதை அலசிப் பரீட்சை எழுதணும். அவளுக்குக் கண்ணு தெரியாது."

அசடு வழிந்தாள் வீட்டுக்காரம்மா. படத்தை உற்றுப் பார்த்தவள், சட்டென்று போனை வாங்கினாள்.

"பாப்பா, உன் தம்பி ஒண்ணை விட்டுட்டான். பின்னாடி வெறும் சுவத்துல ஒரு ஆணி அடிச்சிருக்கு, எழுதிக்கோ. அதெல்லாம் வீட்டுக்காரி கண்ணுக்குத்தான் தெரியும்!"