ஏழாவது டிராக்

“நிறுத்திடுக்கா, ப்ளீஸ்.”

“கையை எடுடா! நடுவுல நிறுத்தினா மத்த டிராக்கோட ஒட்டாது. மறுபடி முதல்லேருந்து ஓட்டணும்.”

ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு அவர்கள் குழுவின் பாட்டு ஒவ்வொரு டிராக்காக ஏறிக்கொண்டிருக்கிறது. இப்போது ஏழாவது, தம்பியின் டிரம்ஸ் மட்டும். ஜன்னல் வெயில் மேசை மேல் ஒயர்களோடு சுருண்டு கிடக்க, திரையில் பச்சைக் கோடு நெளிந்து நெளிந்து நகர்கிறது. எட்டு டிராக்கும் சேர்ந்து ஒலித்தபோது யார் காதிலும் விழாதது, இப்போது தெள்ளத் தெளிவாகக் கேட்கிறது. அடிகளுக்கு நடுவே தம்பி பாடுகிறான். ரெக்கார்டிங் அன்று தலைக்கு மேல் தொங்கிய மைக் அதையும் பிடித்து வைத்திருக்கிறது. தனக்குப் பாட்டே வராது என்று நாலு வருஷமாகச் சாதித்தவன், அக்காவின் வரிகளை ஒன்றுவிடாமல், சுருதி பிசகாமல் பாடுகிறான். அவனுக்குக் காது மடல் சுடுகிறது. இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி. குச்சியால் முழங்காலைத் தட்டியபடி, தன் குரலைத் தானே கேட்டுத் தொலைக்கிறான்.

“திருட்டுப் பயலே! எனக்குத் தொண்டை கட்டினப்பகூட வாயைத் திறக்கலையேடா?”

“நாலு பேர் முன்னாடின்னா நடுங்குதுக்கா.”

கோடு நிற்கிறது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசை மேலிருக்கும் மைக்கை அவன் பக்கம் திருப்புகிறாள்.

“இங்க நான் ஒருத்திதானே இருக்கேன். ஒரே ஒரு தடவை பாடுடா.”