முக்காடு

மதம் பேசுவதற்கு முன் மனிதரோடு பழக வேண்டும் என்பது ராசிபுரத்துப் போதகர் எபினேசரின் கொள்கை.

அடுத்த வீட்டு ராசப்பன் போர்வெல் போடும் ரிக் வண்டியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தினமும் போய் ஜெபித்தார். அழுதுகொண்டிருந்த ராசப்பன் மனைவி சென்னியம்மாளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்.

ராசப்பன் எழுந்து நடந்துவிட்டார்.

அந்த ஞாயிறு சென்னியம்மாள் சர்ச்சுக்கே வந்துவிட்டார், அங்கிருந்த பெண்களைப் போலவே முக்காடு போட்டுக்கொண்டு. போதகருக்குக் கண் கலங்கியது.

"சாட்சி சொல்லுங்கம்மா!" என்று மைக்கை நீட்டினார்.

"எல்லாம் ஐயா பண்ணுன ஜெபந்தானுங்க!"

"அல்லேலூயா!" என்று சபையே அதிர்ந்தது.

சென்னியம்மாள் முக்காட்டை விலக்கினார். மொட்டைத் தலையில் சந்தனம் மணத்தது.

"ஐயா ஜெபம் பலிச்சா முடி எறக்கறேன்னு பழனி முருகனுக்கு வேண்டியிருந்தனுங்க!"