கூண்டில் நின்ற தச்சர்

மேடையில் கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் மூவர், கீழே குமாஸ்தா, சுவரோர பெஞ்சில் சாட்சி ராயப்பன். குற்றவாளிக் கூண்டுக்குள் அதன் ஆடிய கம்பியைச் சரிசெய்ய வந்த தச்சர் வீராசாமி. ஆடு திருடியதாகப் பிடிபட்ட சடையனைக் காய்ச்சல் காரணமாக சப்ஜெயிலிலிருந்து அழைத்து வரவில்லை. ராயப்பன் ஒருவனின் சாட்சியை நம்பி, சடையனுக்கு ஆறு மாதம் என்று இருவர் பேசி முடித்திருந்தார்கள். மூன்றாமவரான கண்ணாடிக் கடை ஞானசிகாமணிக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

“திருடுன ஆளை நல்லாப் பாத்தியாய்யா?” என்று ராயப்பனைக் கேட்டார்.

“பாக்காமலா? சத்தியமா இந்தத் திருட்டு மூஞ்சிதாங்க!” என்று ராயப்பன் கூண்டை நோக்கிக் கை நீட்டினான்.

“அட பாவி மனுசா, நான் ஆணி அடிக்க வந்தவன்யா!” தச்சர் சுத்தியலைத் தூக்கிக் காட்டினார்.

“கூண்டுல நின்னாரு, அதான்…” என்று ராயப்பன் இழுத்தான்.

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மற்ற இரு மாஜிஸ்திரேட்டுகளும் விடுதலைத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார்கள். ஞானசிகாமணி நெஞ்சு நிறைய மூச்சு விட்டு, சடையனை உடனே வெளியே விடும்படி சப்ஜெயிலுக்குத் தம் கையாலேயே எழுதினார். பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்து, உறைக்கு அரக்கு வைத்துச் சேவகனிடம் நீட்டினார்.

“சைக்கிள்லயே போய்யா. காபியெல்லாம் வந்து குடிச்சுக்கலாம்.”