சொட்டு நிற்கிறதா

ஞானப்பிரகாசத்தின் வீட்டுப் பின்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மரத்தளம் இருந்தது. நியூசிலாந்து கிளம்புவதற்கு முந்தின வாரம் மகள் பிலோமிதான் அதற்குச் சாயம் பூசினாள். காய்ந்ததும் தம்ளரைச் சாய்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். பலகைமேல் அது முத்துப்போல் உருண்டு நின்றது.

"இப்படி நிக்கிறவரைக்கும் கவலை இல்லப்பா. மூணு வருஷம் தாங்கும். பலகை தண்ணியக் குடிக்க ஆரம்பிச்சா சொல்லுங்க, நானே வந்து மறுபடி பூசுறேன்."

அவள் வாங்கி விரித்துவிட்டுப் போன தார்ப்பாயை அவர் மறுநாளே சுருட்டிப் பரணில் போட்டார். நிழல் தந்த பூந்தொட்டிகளை ஓரங்கட்டினார். சனிக்கிழமைதோறும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினார். இவ்வளவு சுத்தமா என்று பால்காரர் அதிசயித்தார். சாயம் அசைந்து கொடுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசை முடிந்து திரும்பியதும் பிலோமி கூப்பிட்டாள்.

"தளம் எப்படிப்பா இருக்கு? சொட்டு நிக்குதா?"

போனும் கையுமாக அவர் பின்பக்கம் வந்தார். தூறிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. குடிச்சிடுது."

"அதுக்குள்ளயா?"

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி."



"மழைச் சத்தம் கேக்குதேப்பா."

அவர் குனிந்து, காலடியில் உருண்டு நின்ற சொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலை எடுப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று விழுந்து, உருண்டு நின்றது.