ஒரு நட்சத்திரம்

“அழி” என்றான்.

போன் அவன் கையில் இருந்தது. அவளுடைய போன்.

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சாய்த்த பானையை நிமிர்த்தவில்லை. கஞ்சி முழுக்க இறங்கட்டும் என்று நின்றாள்.

“எத?”

“என்னப் பத்தி எழுதி வச்சிருக்கியே, அத.”

அவனைப் பற்றி அவள் ஒரு வரியும் எழுதியதில்லை. எழுதுவதெல்லாம் கதைகளைப் பற்றித்தான்.

போனில் தினம் ஒரு அத்தியாயமாக வருகிற கதைகள். பகலெல்லாம் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துவிட்டு வந்து படிப்பாள். படித்த கையோடு, கீழே கருத்து எழுதுவாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கருகிப்போன விரல்களைப் போன் மதிக்காது. சுண்டு விரலுக்கு மட்டும்தான் அடங்கும். அதனால் வளவளவென்று எழுதுகிற பழக்கம் அவளுக்கு வரவில்லை.

போன வாரம் ஒரு துப்பறியும் கதைக்கு எழுதினாள்:

‘செத்தவள் கழுத்துச் சங்கிலி எங்கே என்று கதை முழுக்கத் தேடுகிறார்கள். அவள் என்ன வேலைக்குப் போனாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு நட்சத்திரம்.’

பேய் பங்களாக் கதை ஒன்றுக்கு:

‘வாசல் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஓடாமல் மாடிக்கு ஏறுகிறாள். பேய் பாவம். மூன்று நட்சத்திரம், அதுவும் பேய்க்காக.’

நேற்று ஒரு காதல் கதை. எல்லாரும் ஐந்து ஐந்தாய் வாரிக் கொடுத்திருந்தார்கள். அவள் ஒன்று போட்டாள்.

‘மூன்றாம் அத்தியாயத்தில் அறைகிறான். பன்னிரண்டில் முத்தம் கொடுக்கிறான். நடுவில் இவள் முறுக்குத் தின்கிறாள். அறை வாங்கின வாயால் முறுக்குக் கடிக்க முடியாது. கொஞ்சம் விசாரித்து எழுதுங்கள். அடிக்கிறவனுக்கு உள்ளே பாசம் இருக்கிறது என்று இனி எவளுக்கும் சொல்லாதீர்கள்.’

ரசிகைகள் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். எங்க ஹீரோவைச் சொல்ல நீ யாரு என்று கேட்டிருந்தார்கள். அவள் அசரவில்லை.

இப்போது இவன்.

“சுகந்தி எனக்கு அனுப்பிச்சிருக்கா” என்றான். சுகந்தி அவன் தங்கை. நெய்வேலியில் கட்டிக் கொடுத்திருந்தது. “ஊரே படிக்குது. கூடப் பொறந்தவ படிக்கிறா. மானம் போவுது. அழிடி.”

“கதையப் பத்திதான எழுதினேன். அதுல நீ எங்க வந்த?”

அவன் போனை இடக்கைக்கு மாற்றினான்.

கை எழுந்தது.

அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். குனியவில்லை. எப்போதும் போல முழங்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுவரவும் இல்லை.

“அடி. நாளைக்கு அடுத்த அத்தியாயம் வருது. அதுக்கும் எழுதுவேன்.”

கை அந்தரத்தில் நின்றது. பிறகு, அதற்குத்தான் தூக்கினது போல, பிடரியைச் சொறிந்தது.

“சுகந்தி இன்னா சொல்லி அனுப்பினா?”

“ஒண்ணும் சொல்லல. நீ எழுதினத மட்டும் அனுப்பிச்சா.”

“என்னத் திட்டலியா?”

“இல்ல.”

அவள் கையை நீட்டினாள். கொடுத்தான்.

சுண்டு விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ரசிகைகளின் வசவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய் மறைந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சுகந்தியின் படம். பச்சைப் பட்டு, கல்யாணத்தன்று எடுத்தது. பக்கத்தில் அந்தக் கதைக்குச் சுகந்தி போட்டது.

ஒரு நட்சத்திரம்.

கருத்து எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

அவன் போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தான்.

“மாப்ள அப்படிப்பட்ட ஆளு இல்ல.”

“உன்னையும் எங்கப்பா ஊர்ல அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்காரு.”

கொடியில் கிடந்த சட்டையை உருவினான். பொத்தானை மாற்றிப் போட்டான். வண்டிச் சாவி கண் முன்னால் ஆணியில் தொங்கியது. அதை இரண்டு இடத்தில் தேடிவிட்டு எடுத்தான்.

“எங்க கெளம்பிட்ட?”

“கேக்கத்தான். அண்ணன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?”

“சரி. போயி இன்னான்னு கேப்ப?”

அவன் திரும்பினான். வாயைத் திறந்தான்.

எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“மாப்ளகிட்ட கேக்கப்போறத இங்க ஒருவாட்டி கேட்டுப் பாத்துட்டுப் போ.”

ஒரு கால் செருப்பில் இருந்தது. இன்னொன்று தரையில்.

அவள் காத்திருந்தாள்.