பின் சீட்டில் ஒரு துணை

"நானா, வலது பக்கத்துலருந்து பஸ் வந்தா நான் நிக்கணுமா, பஸ் நிக்கணுமா?"

வாஹித் நானாவுக்கு வந்ததே கோபம். நாலு நாளாக இதே கேள்வி.

"தங்கச்சி, ரவுண்டபோட்ல வலது பக்கத்துலருந்து வர்றவனுக்கு நாமதான் வழி விடணும். குடும்பத்துலயும் அப்படித்தான், யாராச்சும் ஒருத்தர் வழி விட்டாத்தான் வண்டி ஓடும். எத்தன தரம் சொல்றது?"

பதுளை டவுனில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர்; ஊருக்கே நானா, அதாவது அண்ணன். தெமோதரை தேயிலைத் தோட்டத்து யசோதினி மாதிரி ஒரு ஆளைக் கண்டதில்லை. முதல் நாள், டவுன் நடுவே இருக்கும் ரவுண்டபோட் வட்டத்தில், "கோயில வலம் வர்ற மாதிரி சுத்துங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வந்தாள். கும்பிடு போடாதது ஒன்றுதான் குறை.

பின் சீட்டில் கெக்கெக்கென்று சிரிப்பு. அவள் புருசன் அஜந்தன். தோட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். துணைக்கு என்று தினமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வான்.

"இது மண்டையில ஒண்ணும் ஏறாது நானா. என்னையப் பாருங்க, திங்கக்கெழமையிலருந்து தோட்டத்து லயத்து வீட்டுப் புள்ளைங்கள பதுளை ஸ்கூலுக்கு நான்தான் ஆட்டோவுல கொண்டாரப் போறேன். கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"அப்ப நீங்களே பழக்கியிருக்கலாமே தம்பி?"

"எனக்குப் பொறுமை கெடையாது."

யசோதினி அதைக் காதில் வாங்கவில்லை. "நானா, நடுவுல போயிட்டு, எந்த ரோட்டுல திரும்புறதுன்னு மறந்துட்டா?"

"இன்னொரு சுத்து சுத்துங்க. யாரு அடிக்கப் போறா?"

"கை நடுங்குனா?"

"கை நடுங்குதாம்!" என்று சிரித்த அஜந்தன், இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினான்.

"வேகத்தக் கொறைங்க. கண்ணு மட்டும் வலது பக்கத்த விட்டு நகரக் கூடாது," என்றார் நானா.

பதில் முடிந்த பிறகுதான் அந்தத் தலை பின்னால் போனது.

பாடம் முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டினார்கள். அஜந்தன் வெத்தலை வாங்க இறங்கினான்.

"கோவிக்காதீங்க தங்கச்சி. வண்டி நல்லாத்தான் ஓட்டுறீங்க. ஆனா கேக்குற கேள்வியப் பாத்தா, டெஸ்ட்டுல பாஸாவீங்கன்னு எனக்குத் தோணல."

"ஆகாட்டிப் பரவாயில்ல நானா."

"பின்ன எதுக்கு வர்றீங்க?"

அவள் கண்ணால் காட்டினாள்.

வெத்தலைக் கடை வாசலில் அஜந்தன் ரவுண்டபோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு கையும் காற்றில் ஆட்டோ ஹேண்டலைப் பிடித்திருந்தன. வலப்பக்கம் பார்த்தான். உடம்பை வளைத்தான். ஒரு பஸ் வரவும், நின்ற இடத்திலேயே பிரேக் போட்டான்.

"அவரு டவுனுக்குள்ள ஆட்டோவ கொண்டாந்ததே இல்ல நானா. ரவுண்டபோட்டுக்கு முன்னாலயே ஆளுங்கள எறக்கி விட்டுட்டு, நடந்தா ஒடம்புக்கு நல்லதும்பாரு. இப்ப புள்ளைங்கள ஏத்தப் போறாரே! பழகிக்கங்கன்னா ரோசம் வந்துரும். அதான் நான் பழகுறேன்னு கெளம்புனேன். அவரு வாயால கேக்க முடியாதத நான் கேக்குறேன்."

வழி விடுவதைப் பற்றி இவளுக்கா நாலு நாளாகப் பாடம் நடத்தினோம் என்று இருந்தது வாஹித் நானாவுக்கு.

"அப்ப, அந்த மூணு சுத்தும் வேணும்னுதானா?"

"அய்யோ, அது நெசமாவே பயத்துல நானா!"

அஜந்தன் வந்து ஏறினான். "என்னா நானா, தேறுமா?"

வாஹித் நானா பின்பக்கம் காட்டும் கண்ணாடியை அவன் முகம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"தேறிரும். தங்கச்சி, நாளைக்கும் அந்தப் பஸ் கேள்வியவே கேளுங்க. கொஞ்சம் சத்தமாக் கேளுங்க."